ஒரு தடம் அறுந்தது. மூன்று மண்டலங்கள் இருண்டன

புது தில்லி: 2012 ஜூலை 30, அதிகாலை 2.33 மணி. மத்தியப் பிரதேசத்தின் பினாவையும் குவாலியரையும் இணைக்கும் 400 கிலோவோல்ட் மின்தடம் துண்டிக்கப்பட்டது. சிறிது நேரத்தில் தலைநகர் உள்ளிட்ட வட மாநிலங்கள் இருளில் மூழ்கின. மறுநாள் பிற்பகல் 1 மணிக்கு அதே தடம் மீண்டும் அறுந்தது. இம்முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என மூன்று மண்டலத் தொகுப்புகள் சரிந்தன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதியில் மின்சாரம் இல்லை. தில்லி மெட்ரோ ரயில்கள் நின்றன; மேற்கு வங்கச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் சிக்கினர்.

அத்தடத்தில் பழுதேதும் இல்லை. இணையான மற்றொரு தடம் தரம் உயர்த்தும் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. வட மாநிலங்கள் சில ஒதுக்கீட்டுக்கு மேல் மின்சாரம் இழுத்தன. அளவுக்கு மீறிய பளுவைக் காப்புக் கருவி பழுதெனக் கொண்டு தடத்தைத் துண்டித்தது.

ஒரு வலைப்பின்னலின் மையம் குலைய, குறைந்தபட்சம் எத்தனை முனைகளை அகற்ற வேண்டும்? ஆய்வாளர்களை நெடுங்காலமாக அலைக்கழிக்கும் கேள்வி இது. அதிக இணைப்புகள் கொண்ட முனையே முதன்மையானது என்று எண்ணத் தோன்றும், உண்மை அதுவன்று. ஒவ்வொரு முனையும் நிலைக்க அண்டை முனைகளின் துணை வேண்டும். ஒன்று விழுந்தால் துணை குறைந்த அடுத்ததும் விழும். எந்தச் சிலவற்றை எடுத்தால் அனைத்தும் சரியும் என்பதைத் துல்லியமாகக் கண்டறிவது, வலை பெரிதாகப் பெரிதாகக் கணினிக்கும் கைகூடாத கணக்காகிறது. மின்தொகுப்பில் சிக்கல் இன்னும் கூடுதல்: விழுந்த தடத்தின் பளு எஞ்சிய தடங்களின் மீது ஏறுகிறது.

தென் மண்டலம் அன்று உயர் அழுத்த நேர்மின் தடங்கள் வழியாகப் பிற மண்டலங்களுடன் இணைந்திருந்ததால் தப்பியது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் அதனையும் ஒரே தொகுப்பில் சேர்த்தது. தமிழகம் வடக்கிலிருந்து மின்சாரம் வாங்கும் வழி அகலமாயிற்று. அந்தத் தனிமை தந்த பாதுகாப்பு போயிற்று.

மிகையாக இழுப்பதைக் குறைக்குமாறு பிறப்பிக்கப்பட்ட உத்தரவுகளுக்கு மாநில மின்பளு மையங்கள் போதிய அளவில் செவிசாய்க்கவில்லை என்று விசாரணைக் குழு 2012 ஆகஸ்டில் கூறியது. (இரண்டாம் இருட்டடிப்பு நிகழ்ந்த நாளிலேயே மின்துறை அமைச்சர் சுஷில்குமார் ஷிண்டேவுக்கு உள்துறை வழங்கப்பட்டது.) 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 29-ஆவது பிரிவுப்படி, இத்தகைய உத்தரவை மீறுவோருக்கு அன்று விதிக்கத்தக்க உச்ச அபராதம் 15 லட்சம் ரூபாய். மிகைநுகர்வுக் கட்டணம் தனி. ஒரு மணி நேரத்துக்கு 1,000 மெகாவாட் கூடுதலாக இழுத்தால், யூனிட்டுக்கு 4 ரூபாய் வீதம் அம்மின்சாரத்தின் விலையே 40 லட்சம்.