மேடையும் மைக்செட்டும்

ஆனைமலை மாசாணியம்மன் குண்டம் திருவிழாவாயினும், கல்லூரித் தமிழ்மன்ற விழாவாயினும், பேச்சைக் கடைசி வரிசைவரை கொண்டுசேர்ப்பது மைக்செட்டே. மிக்சரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியாய் அமைந்த ‘பவர்டு மிக்சர்’ சிறு மேடைகளுக்கு ஏற்றது. எனினும் அதனை முறையறிந்து கையாளுதல் வேண்டும்.

இணைப்புகளை முடித்து, ஒலியளவுக் குமிழ்களைத் தாழ்த்திய பின்னரே மின்சாரம் தருதல் முறை. ஸ்பீக்கருக்கு மைக் கம்பியைப் பயன்படுத்தலாகாது. மெல்லிய அக்கம்பி சூடேறும். 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மின்தடை 4 ஓமாகும். மிக்சர் தாங்கும் எல்லை அதுவாயின் மூன்றாவதைச் சேர்த்தல் கூடாது. ஸ்பீக்கர்கள் மைக்கிற்கு முன்னே, அவையை நோக்கி நின்றால் ஊளைச்சத்தம் குறையும்.

இவை தவறினால் கருவி பழுதாகும். எர்த் தவறினாலோ உயிரே போகும். உறுமல் ஒலியைப் போக்க எர்த் கம்பியைத் துண்டிப்பாரைக் காண்கிறோம். அந்நிலையில் உள்ளே மின்கசிவு நேரின், 230 வோல்ட் பெட்டியின் உலோகத்தில் பரவி, மைக் கம்பியின் வழியே பேசுவோர் கையை அடையும். பருவமழையில் நனைந்த தரையில் வெறுங்காலுடன் நிற்பார்க்குத் தப்ப வழியேது? ஆதலின் எர்த் உள்ள மும்முனைப் பிளக்கும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் இன்றியமையாதன.

மைக் பிடிப்போர் நம் பிள்ளைகள். விழா தொடங்குமுன் எர்த்தைச் சோதிப்பது நம் கடமையன்றோ!