கேரட்டை ஒளிக்கலாம், முந்திரியை ஒளிக்கக் கூடாது

காய் என்றாலே தட்டின் ஓரத்துக்குத் தள்ளும் பிள்ளைக்குக் காயை அரைத்துச் சாஸாக்கி, பாஸ்தாவில் கலந்து கொடுப்பது இன்று பல வீடுகளில் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அடுப்படியில் நின்றால் வாரத்தில் மூன்று நாள் டிபன் பாக்ஸ் கவலை தீர்ந்தது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். சாம்பாரில் பரங்கிக்காய் கரைந்துபோவதை யாரும் பிள்ளைகளிடம் அறிவித்துக்கொண்டு இருப்பதில்லையே. கவனம் வேண்டியது மிச்சத்தை எடுத்து வைக்கும்போதுதான்.

2003-ல் பெல்ஜியத்தில் ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை பாஸ்தா சாலட் செய்து மறுநாள் வெளியே எடுத்துப் போனது. மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்து, திங்கள் மாலை பிள்ளைகள் சாப்பிட்டார்கள். சில மணி நேரத்தில் வாந்தி. ஏழு வயதுச் சிறுமி இறந்துபோனாள். அந்த ஃப்ரிட்ஜின் வெப்பநிலை 14 டிகிரி செல்சியஸ் என்று பிறகு தெரிந்தது. 5 டிகிரிக்குள் இருக்க வேண்டியது.

காரணம் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. அதன் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. வெந்த சோறோ பாஸ்தாவோ வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு, திரும்பக் கொதிக்க வைத்தாலும் அழியாது. ‘சூடு பண்ணிட்டேன், ஒண்ணும் ஆகாது’ என்ற நம் வீட்டுச் சமாதானம் இங்கே செல்லாது. மே மாத வெயிலும் மின்வெட்டும் உள்ள ஊரில் நம் ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

அதனால் சாஸை மட்டும் உறைய வைத்து, பாஸ்தாவை அன்றன்றைக்கு வேகவைப்பதே என் கட்சி. ஒரு கிலோ தக்காளி, கால் கிலோ கேரட், கால் கிலோ பரங்கிக்காய், இரண்டு வெங்காயம், ஆறு பல் பூண்டு; குக்கரில் மூன்று விசில். சுரைக்காய் சேர்த்தால் நாக்குக்குத் தெரியவே தெரியாது. பீட்ரூட் நிறத்தில் காட்டிக் கொடுத்துவிடும். ஆறிய பிறகே மிக்ஸியில் போடுங்கள். சூடாக அரைத்தால் ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும். அரைத்ததை எண்ணெயில் சுண்ட வதக்கி, அகலமான தட்டில் ஊற்றி, தட்டைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள், கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், அது ஃப்ரீசருக்குள் போய்விட வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு டப்பா, மேலே தேதி. எடுத்ததை உறைந்தபடியே வாணலியில் போட்டுக் கொதிக்க விடலாம். மிஞ்சினால் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

ஊருக்குப் போகும்போது ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கையில் காசு உள்ளே இறங்கியிருந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. டப்பாக்களைக் கொட்டிவிடுங்கள்.

சாஸ் கெட்டியாக வர முந்திரி அரைத்து விடுகிறவர்கள் உண்டு. டிபன் பாக்ஸ் ஒரு பிள்ளையோடு நிற்காது, நாலு பேர் கை வைப்பார்கள். முந்திரி, பால், முட்டை ஒவ்வாத பிள்ளை அதில் ஒருவனாக இருக்கலாம். வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைப் பாக்கெட்டிலும் இதே மறைப்பு உண்டு. ‘கீரை பாஸ்தா’ என்று முன்னால் பெரிதாக இருக்கும். பின்னால் பொடி எழுத்தில் கீரைப் பொடி கடைசி வரிசையில் நிற்கும். சேர்மானங்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். முதலில் மைதா இருந்தால் அது மைதா பாஸ்தாதான். கோதுமை, பால், முட்டை, சோயா, கொட்டை வகைகள் இருப்பதையும், 14 இலக்க உரிம எண்ணையும் அச்சிட்டே ஆக வேண்டும்.

சந்தேகம் வந்தால், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவுப்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்திலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் செய்யலாம். இழப்பீடு கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பிள்ளை விடாமல் வாந்தி எடுத்துச் சோர்ந்தால் முதலில் மருத்துவமனை, புகார் எல்லாம் பிறகு.

எல்லாவற்றுக்கும் பில்லும் பேட்ச் எண்ணும் கேட்பார்கள். பாஸ்தாவை டப்பாவில் கொட்டிய கையோடு கவரைக் குப்பையில் போடாதீர்கள். தீரும்வரை மடித்து அதே டப்பாவுக்குள் போட்டு வையுங்கள்.