உங்களுக்குத் தெரியுமா? அயர்லாந்துப் பண்டிகை விருந்தில் நம் தேத்தண்ணி!

அயர்லாந்துக்காரர்கள் அக்டோபர் 31ஆம் திகதி ஹாலோவீன் இரவுக்குச் சுடும் ‘பிராக்’ ரொட்டியின் ருசிக்குத் தேயிலையே ஆதாரம். பிளம்ஸ், சுல்தானா, சீனியைக் கடும் சாயத்தில் இரவு முழுக்க ஊறவைப்பார்கள். மறுநாள் வடிகட்டாமலே மா, பேக்கிங் பவுடர், முட்டை, கொஞ்சம் கறுவாத்தூள் சேர்த்து, மிதமான சூட்டில் ஒரு மணி நேரமளவு வேகவிடுவார்கள். துண்டு போட்டு, பட்டர் தடவிச் சாப்பிட வேண்டும். உள்ளே ஒரு மோதிரத்தை மறைத்து வைப்பது பழைய வழக்கம். அது யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கு அடுத்து கல்யாணம் என்பார்கள்.

அதே இரவின் இன்னொரு உணவு ‘கோல்கானன்’. மசித்த உருளைக்கிழங்கில் அவித்த கோவா, சூடான பால், பட்டர் சேர்த்தால் போதும். நுவரெலியா மரக்கறி வந்திறங்கும் ஹட்டன் சந்தையில் இதற்கு எதுவும் குறையாது. லீக்ஸ் சேர்ப்பவர்களும் உண்டு. இறைச்சியே இல்லாத இந்த உணவு, நம் மரக்கறி வீடுகளுக்கும் நன்றாகப் பொருந்தும்.

அந்தக் கிழங்குக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1845இல் தொடங்கிய கிழங்கு வெளிறல் நோயால் அயர்லாந்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதே அளவினர் கப்பலேறினார்கள். அந்த 1840களில்தான் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தார்கள். 1890இல் இங்கே வந்து தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டனின் பெற்றோரும் அயர்லாந்தை விட்டு கிளாஸ்கோவுக்குப் போனவர்களே.

வரும் நத்தாருக்கு ஒரு பிராக் சுட்டுப் பாருங்கள். சாயம் மட்டும் நம் தோட்டத்துத் தூளில் கடுமையாக இருக்கட்டும்.