கடை ஊழியருக்கு ஓய்வூதியம், கடைக்காரருக்கு?



பிரித்தானியாவில் கடை நடத்தும் நம்மவர்கள் ஊழியருக்காக மாதம் தவறாமல் ஓய்வூதியப் பணம் கட்டி வருகிறோம். உங்களுக்கென்று என்ன கட்டுகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "கடைதானே எங்கள் பென்ஷன்" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பதில் சரிதானா என்று சற்றுப் பார்ப்போம்.

முதலில் சட்டம். ஊழியரைத் தாமாகவே ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கும் முறை 2012 அக்டோபரில் பெரிய நிறுவனங்களில் தொடங்கியது. 2018க்குள் ஒரேயொரு ஊழியர் உள்ள கடைக்கும் வந்துவிட்டது. 22 வயது நிறைந்து, அரச ஓய்வூதிய வயதை எட்டாமல், ஆண்டுக்கு 10,000 பவுணுக்கு மேல் சம்பளம் பெறுபவரை அவர் கேளாமலேயே சேர்க்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல், கணக்கில் எடுக்கப்படும் சம்பளத்தில் மொத்தம் 8 சதவீதம் சேர வேண்டும். அதில் குறைந்தது 3 சதவீதம் முதலாளியின் பங்கு. ஊழியர் விரும்பினால் ஒரு மாதத்துக்குள் விலகலாம். ஆனால் விலகும்படி நாம் தூண்டக் கூடாது. கடமை தவறினால் தண்டப்பணம் 400 பவுணில் தொடங்குகிறது. இலங்கையில் ஊழியர் சேமலாப நிதியைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல.

ஆனால் தனியாகவோ பங்காளியாகவோ வணிகம் செய்பவர் இச்சட்டத்துக்குள் வருவதில்லை. நமக்கு மேல் முதலாளி இல்லை. ஆகவே நம்மைச் சேர்க்கவும் ஆளில்லை, 3 சதவீதம் போடவும் ஆளில்லை.

கடையை நம்பலாமா? நம்மில் பலருடையது குத்தகைக் கடை. எதிரே பெரிய சூப்பர் மார்க்கெட் திறந்தால் கடையின் விலை விழுந்துவிடும். எங்கள் மொத்தக் கடைக்கு நெடுங்காலமாக வரும் ஓர் அன்பர், எழுபதை நெருங்கியும் விடியற்காலையில் கதவு திறக்கிறார். கடையை வாங்க ஆளில்லை. பிள்ளைகளுக்கும் அதில் விருப்பமில்லை. கையில் வேறு சேமிப்பும் இல்லை.

இந்த நிலை வராதிருக்கச் செய்ய வேண்டியவை:

1. முழு அரச ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 35 ஆண்டுகளின் தேசியக் காப்புறுதிப் பதிவு வேண்டும். 10 ஆண்டுகளுக்குக் குறைந்தால் பொதுவாக ஒன்றும் கிடைக்காது. நடுவயதில் இந்நாட்டுக்கு வந்தவர்கள் தங்கள் பதிவை இப்போதே கேட்டுப் பார்க்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல் சுயதொழில் செய்பவர் இரண்டாம் வகைக் காப்புறுதிப் பணம் கட்ட வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் இலாபம் மிகக் குறைந்த ஆண்டில் விரும்பிக் கட்டாவிட்டால், அந்த ஆண்டு பதிவில் சேராமல் போகலாம்.

2. தனிப்பட்ட ஓய்வூதியக் கணக்குத் தொடங்கலாம். ஊழியருக்காக நாம் பயன்படுத்தும் நெஸ்ட் திட்டத்திலும் சுயதொழிலாளர் சேரலாம். நாம் 80 பவுண் போட்டால் வரிச்சலுகையுடன் 100 பவுணாகிறது. வாரம் 20 பவுண் ஒதுக்கினால் ஆண்டுக்கு 1,040. கணக்கில் ஏறுவது 1,300. பணம் முதலீட்டில் இருப்பதால் ஏற்ற இறக்கம் உண்டு. 2028 ஏப்ரல் முதல், பொதுவாக 57 வயதுக்கு முன் எடுக்கவும் முடியாது. ஆகவே சரக்குக்கு வேண்டிய பணத்தை இதில் போடக் கூடாது.

3. கடை லிமிடெட் கம்பனியாக இருந்தால், இயக்குநருக்காகக் கம்பனியே கட்டலாம். இதைக் கணக்காளரிடம் கேளுங்கள்.

அரிசிக்கும் பருப்புக்கும் வாராவாரம் எங்களுக்குப் பணம் எடுத்து வைக்கிறீர்கள். அதே நாளில் உங்களுக்கென்றும் ஒரு சிறு தொகை எடுத்து வையுங்கள். நாற்பதில் தொடங்குவது நல்லது. ஐம்பதில் இருப்பவர்கள் இந்த மாதமே தொடங்க வேண்டும்.