பொட்டலத்துப் பொடி கழிவுத் தொட்டியைக் காப்பாற்றுமா?

தாப்பா வட்டாரத்தில் ஆண்டு இறுதி மழை பிடித்துக்கொண்டால், சில வீடுகளில் ஒரு தொல்லையும் கூடவே வந்து சேரும். கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காது. மேலே ஏறி நின்று, குளுக் குளுக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு மெல்ல மெல்ல வடியும். வீட்டுக்குப் பின்னால் லோங்காங்கில் நாற்றம் கிளம்பும். உடனே பக்கத்து வீட்டு அக்கா ஒரு வழி சொல்வார். "கடையில பொடி விக்கிறாங்க. ரெண்டு பொட்டலம் வாங்கிக் கொட்டுங்க, எல்லாம் கரைஞ்சிடும். லோரிக்காரனுக்குக் காசு கொடுக்க வேணாம்." பொடி கொட்டப்படும். நான்கைந்து நாளில் மழை விடும். தண்ணீரும் ஒழுங்காக இறங்கும். பொடிக்கு நல்ல பெயர் கிடைத்துவிடும்.

வேலை செய்தது பொடியா, மழை விட்டதா? கனமழையில் தொட்டியைச் சுற்றியுள்ள மண் நீரில் ஊறிப் போகிறது. லோங்காங்கும் நிரம்பி ஓடுகிறது. தொட்டியிலிருந்து வெளியேற வேண்டிய நீருக்குப் போக்கிடம் இல்லை. அதனால் கழிப்பறையில் தண்ணீர் தேங்குகிறது. மழை நின்றதும் அந்த வழி தானாகத் திறந்துகொள்கிறது. பொடி கொட்டினாலும் திறக்கும், கொட்டாவிட்டாலும் திறக்கும்.

லயத்திலிருந்து தாமானுக்கு

இந்தக் கவலை பல குடும்பங்களுக்கு ஒரு தலைமுறைப் பழக்கம்கூட இல்லை. தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் கழிப்பறை நிர்வாகத்தின் பொறுப்பு. வாளிக் கழிப்பறை இருந்த நாளில் அதை எடுத்துக் கொட்ட ஓர் ஆள் இருந்தார். அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசியதில்லை. பிறகு ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின. தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் பக்கத்துத் தாமான்களிலும் கம்பங்களிலும் குடும்பங்கள் குடியேறின. வீடு சொந்தமானது. முற்றத்துக்கு அடியில் இருக்கும் தொட்டியும் சொந்தமானது. வீட்டுக் கடனைப் பற்றி விளக்கியவர்கள் உண்டு. தொட்டியைப் பற்றி விளக்கியவர் யார்?

கழிவு மண்ணில் கலந்தால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்து மக்கள் உடம்பாலேயே அறிந்தவர்கள். 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய மருத்துவக் குழு மலாயாவுக்கு வந்து கொக்கிப்புழு நோயை ஆராய்ந்தது. வெறுங்காலோடு பால்வெட்டுக்குப் போனவர்களின் பாதம் வழியே உள்ளே புகுந்து, குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சிய புழு அது. ஒழுங்கான கழிப்பறை கட்டுவதுதான் அதற்கு முதல் தடுப்பு. இன்றைக்கும் கழிவுத் தொட்டியின் அடிக்கசடில் குடற்புழு முட்டைகள் பல மாதம் உயிரோடு இருக்கும். ஆகவே நிரம்பி வழியும் தொட்டியை நாற்றத்தோடு முடிகிற விஷயமாக நினைத்துவிடக் கூடாது. லோங்காங் ஓரத்தில் பந்து பொறுக்கும் பிள்ளைகளுக்கும், வீட்டுக் கிணற்றுக்கும், கடைசியில் பத்தாங் பாடாங் ஆற்றுக்கும் அது போய்ச் சேர்கிறது.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

பெரிய தாமான்கள் பலவற்றில் கழிவுநீர் குழாய் வழியே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். குழாய் இணைப்பு இல்லாத வீடுகளுக்குத் தனித் தொட்டி. மலேசியாவில் இப்படிப்பட்ட தனித் தொட்டிகள் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன.

தொட்டி எந்திரம் அல்ல; தண்ணீரைச் சற்று நேரம் அசையாமல் நிற்க வைக்கும் ஒரு பெட்டி. கனமானவை அடியில் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடைபோல மிதக்கும். நடுவில் இருக்கும் கலங்கல் நீர் மட்டும் வெளியேறும். அடியில் படிந்ததைக் காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா சிறிது சிறிதாகத் தின்று, வாயுவாகவும் நீராகவும் மாற்றும். ஆனால் எல்லாவற்றையும் தின்னாது. நார், மணல், முடி, செரிக்காத திப்பி ஆகியவை அப்படியே கிடக்கும். பாக்டீரியா செத்தால் அதன் உடலும் கசடுதான்.

எல்லாம் தானே கரைந்துவிடும் என்ற ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1860 வாக்கில் பிரான்சில் லூயி மூராஸ் என்பவர் மூடிய தொட்டி ஒன்றைக் கட்டினார். பல ஆண்டு கழித்துத் திறந்து பார்த்தபோது எதிர்பார்த்த அளவு கழிவு அதில் இல்லையாம். தானாகவே சுத்தம் செய்துகொள்ளும் தொட்டி என்று சொல்லி 1881இல் காப்புரிமையும் வாங்கினார். 1895இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் இந்த முறையைச் செம்மைப்படுத்தி, அழுகச் செய்வது என்ற பொருளில் 'செப்டிக்' தொட்டி என்று பெயரிட்டார். (தாப்பாவிலிருந்து மலையேறினால் வரும் கேமரன், வில்லியம் கேமரன் என்ற வேறொருவர்.) பிறகுதான் ஊர் ஊராகத் தொட்டிகள் நிரம்பத் தொடங்கின. கழிவு குறைகிறது, மறைவதில்லை என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

ஒரு சின்னக் கணக்கு இதைத் தெளிவாக்கும். மலேசியப் பொறியாளர்கள் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்று வைத்துத் தொட்டிகளைத் திட்டமிடுகிறார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் அது 1,125 லிட்டர். தொட்டியின் கொள்ளளவு 2,000 லிட்டர் என்றால், தண்ணீர் உள்ளே தங்குவது இரண்டு நாள்கூட இல்லை. இன்னொரு பக்கம் கசடு சேர்கிறது. பாக்டீரியா தின்றது போக ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 40 லிட்டர் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. ஐந்து பேருக்கு 200 லிட்டர். மூன்று ஆண்டில் 600 லிட்டர். கிட்டத்தட்ட தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கசடை உறிஞ்சி எடுக்க வேண்டும் என்று சொல்வது லோரிக்காரர் பிழைப்பதற்காக அல்ல, இந்தக் கணக்கினால்தான். பத்து வருடம் தொடாத தொட்டியில் தண்ணீர் நிற்க இடமே இருக்காது. வந்த கழிவு வந்த வேகத்தில் வெளியே போகும். கழிப்பறை நன்றாகத்தான் இறங்கும். ஆகவே தொட்டி நலமாக இருக்கிறது என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொள்வார். அந்த நிலைதான் ஆபத்தானது.

பொடியில் என்ன இருக்கிறது?

கடையில் விற்கும் பொடிகளிலும் திரவங்களிலும் பெரும்பாலானவை உலர வைத்த பாக்டீரியாவும் நொதிகளும்தான். சிலர் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைக் கொட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் புதுத் தொட்டியில் மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றும் வழக்கம் உண்டு. இன்னும் சிலர் ஈ.எம். கரைசலை நம்புகிறார்கள், ஜப்பானின் ஒக்கினாவாவில் பேராசிரியர் தெருவோ ஹிகா உருவாக்கிய நுண்ணுயிர்க் கலவை அது. 2009 ஆகஸ்டு 8இல் பினாங்கில் பத்து லட்சத்துக்கும் அதிகமான ஈ.எம். மண் உருண்டைகளைக் கடலில் வீசியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் கழிவுத் தொட்டியில் பாக்டீரியாவுக்குப் பஞ்சமே கிடையாது. மனித மலத்தில் ஒரு கிராமுக்கு ஆயிரம் கோடிக்கு மேல் பாக்டீரியா இருக்கிறது. ஒரு குடும்பம் தினமும் காலையில் அனுப்பி வைப்பதற்கு முன்னால் ஒரு பொட்டலம் எம்மாத்திரம்? காவிரியில் சொம்புத் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் மக்கள் குடியிருக்கும் வீடுகளின் 48 தொட்டிகளைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று வகை பாக்டீரியாப் பொருள்களைச் சிலவற்றில் போட்டார்கள், சிலவற்றில் எதுவும் போடவில்லை. 2008 முதல் வெளியான முடிவுகளின்படி, போட்ட தொட்டிக்கும் போடாத தொட்டிக்கும் பாக்டீரியாவின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கசடு சேர்வதிலும் கசடு எடுப்பதைத் தள்ளிப்போடும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஒழுங்காகப் பராமரித்து வரும் தொட்டிக்கு இத்தகைய சேர்க்கைகள் தேவையில்லை என்பதே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் கருத்தும்.

பொடி போட்டால் கெடுதல் உண்டா? பாக்டீரியாப் பொடியால் பெரும்பாலும் பணம் மட்டும்தான் நட்டம். கொழுப்பைக் கரைக்கிறது என்று விற்கும் சிலவற்றில் வேறு சிக்கல் இருக்கிறது. தொட்டியில் மிதந்த கொழுப்பு கரைந்து வெளியேறி, அப்பால் குழாயிலோ மண்ணிலோ மறுபடி உறைந்து அடைத்துக்கொள்ளலாம். கசடு கிளறப்பட்டு அதுவும் வெளியே போகலாம். இரசாயனங்கள் இதைவிட மோசம். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் 1970களில் தொட்டி சுத்தம் செய்ய ஊற்றிய கரைப்பான்கள் நிலத்தடி நீரில் கலந்து, அவற்றைத் தடுக்க வேண்டிய நிலை வந்தது. அமிலமும் காரமும் கான்கிரீட்டை அரிக்கும், உள்ளே வேலை செய்யும் பாக்டீரியாவையும் கொல்லும்.

இல்லத்தரசிகள் அடிக்கடி கேட்பது வேறொன்று: கழிப்பறை கழுவ ஊற்றும் பிளீச் தொட்டியைக் கெடுத்துவிடாதா? அளவோடு ஊற்றினால் பயமில்லை. 1987இல் ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில், சுமார் 3,800 லிட்டர் தொட்டியின் பாக்டீரியாவை அழிக்க ஏறக்குறைய 7 லிட்டர் பிளீச் ஒரே தடவையில் தேவைப்பட்டது. அதற்குப் பிறகும் சில நாளில் பாக்டீரியா தானாகவே மறுபடி பெருகியது. அதே தொட்டிக்கு, குழாய் அடைப்பு நீக்கும் காரத்தூள் 11 கிராம்தான் தேவைப்பட்டது. ஓரிரு தேக்கரண்டிதான்! அடைப்பு என்றவுடன் அந்தத் தூளைக் கொட்டிவிட்டு, மறுநாள் பாக்டீரியாப் பொடி வாங்கி ஊற்றும் வீடுகளும் இருக்கின்றன.

லோரி வரும் நாள்

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? தொட்டிக்குள் போகக் கூடாததைப் போடாமல் இருப்பதே பாதி வேலை. பொரித்த எண்ணெய், மாதவிடாய் அணையாடை, குழந்தை துடைக்கும் ஈரத்தாள், சிகரெட் துண்டு, மிச்சமான மருந்து மாத்திரை இவற்றில் எதையும் பாக்டீரியா தின்னப்போவதில்லை. மீதிப் பாதி, கசடை எடுப்பது.

1993இல் வந்த கழிவுநீர்ச் சேவைச் சட்டத்துக்குப் பிறகு, 1994 முதல் இண்டா வாட்டர் நிறுவனம் இந்தப் பணியை ஏற்றது. அதன் மாதக் கட்டணத்தைப் பற்றி மக்கள் முணுமுணுத்த காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2000இல் அரசாங்கமே நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. 2008 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த நீர்ச் சேவைத் தொழில்துறைச் சட்டம், தொட்டியைப் பராமரித்துக் கசடெடுக்கும் பொறுப்பை வீட்டு உரிமையாளர் மீது வைத்தது. லோரி தானாக வரும் என்று காத்திருந்த வீடுகளில் பல, அதோடு கசடெடுப்பதையே விட்டுவிட்டன. பில் வரவில்லை என்று மகிழ்ந்தவர்கள், தொட்டி நிரம்பிக்கொண்டே இருப்பதைக் கவனிக்கவில்லை. கழிவுக்கு வாழ்க்கை முழுவதும் நிர்வாகம் பொறுப்பு என்று பழகிய மனது உடனே மாறாதுதான். சட்டமோ பழக்கத்தைப் பார்ப்பதில்லை. தவறினால் அபராதத்துக்கும் அதில் இடம் உண்டு.

வீட்டைப் புதுப்பிக்கும்போது செய்யும் தவறு ஒன்று ஊரெங்கும் காணப்படுகிறது. சமையலறையைப் பின்னுக்கு நீட்டிக் கட்டுவார்கள். தொட்டியின் மூடிக்கு மேல் சிமெண்டு பூசி, அழகான டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். பிறகு லோரி வந்தாலும் குழாயை எங்கே விடுவது? தரையை உடைக்க வேண்டும். கட்டுமானக்காரரிடம் மூடிக்கு வழிவிடச் சொல்வது முதல் நாளிலேயே செய்ய வேண்டிய வேலை.

அந்த மூடி உறுதியானதாக இருக்கட்டும். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டின் விக்கிரவாண்டியில், ஒரு தனியார் பள்ளியில் கழிவுத் தொட்டிக்குள் விழுந்து மழலையர் வகுப்புச் சிறுமி இறந்துபோனாள். துருப்பிடித்த இரும்பு மூடியே காரணம் என்று சொல்லப்பட்டது. முற்றத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடும் வீடுகளில் தகரத் துண்டும் பலகையும் மூடி ஆகாது.

பெரியவர்களும் எட்டிப் பார்க்கக் கூடாது, உள்ளே இறங்கவே கூடாது. கசடிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அளவு கூடினால் மூக்கை மரத்துப் போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று நினைக்கும் நேரத்தில் மயக்கம் வரும். காப்பாற்ற இறங்கியவரும் கூடவே இறப்பது தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கிறது. அங்கே 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் தொட்டியில் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என 2023இல் இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டம் வந்த பிறகும் சாவு நிற்கவில்லை.

குறைந்த விலைக்கு வருகிறேன் என்று சொல்லும் லோரியிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளலாம். தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் அனுமதி இருக்கிறதா? கசடை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள்? சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாத கசடு, இருட்டில் ஏதாவது ஒரு செம்பனைத் தோட்டத்து ஓடையில்தான் இறங்கும். லோரி வரும்போது வீட்டில் ஓர் ஆள் இருந்து பார்ப்பது நல்லது. மேல்நீரை மட்டும் உறிஞ்சிவிட்டு, அடியில் இறுகிய கசடை அப்படியே விட்டுப் போகிறவர்களும் உண்டு. எடுத்து முடித்த தொட்டிக்கு 'விதை' போட வேண்டும் என்று பொடி விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மறுநாள் காலையில் வீட்டுக்காரர்களே போட்டுவிடுவார்கள். ரசீதை வாங்கி, தேதியை மின்கட்டண பில் வைக்கும் கோப்பிலேயே குறித்து வைத்தால், அடுத்த முறை எப்போது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.