மாரிக்கும் விருந்தாளி வரட்டும்

டிசெம்பரில் மட்டக்களப்பின் பாசிக்குடாவில் அறை வாடகை இறங்கிவிடும். கடலோரத்து விடுதிகளில் கதிரைகள் உள்ளே அடுக்கப்பட்டிருக்கும். திருத்த வேலைகளுக்கும் பணியாளர் விடுமுறைக்கும் இந்த மாதங்களே தோது. ஓட்டமாவடிப் பாலத்தில் நின்று பார்த்தாலே காரணம் புரியும். களப்பு கலங்கி, கரை முட்ட நிறைந்து கிடக்கும். வாடைக்காற்றில் சிறு தோணிகள் கடலுக்குப் போகாமல் கரையேறியிருக்கும். பாலத்திலிருந்து பாசிக்குடா பத்து கிலோமீற்றருக்கும் குறைவுதான். ஆனாலும் அந்தக் கடலை நம்பி ஓட்டோ ஓட்டுகிறவர், மீன் கொடுக்கிறவர், மரக்கறி ஏற்றுகிறவர் எல்லோருக்கும் சித்திரை வரை கை சற்று இறுக்கம்தான்.

அதே டிசெம்பரில் ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைக் கிராமங்களில் அறை கிடைக்காது. சுவிற்சர்லாந்தின் சேர்மாட், கிரின்டல்வால்ட், சென். மொரிட்ஸ் போன்ற ஊர்களில் நத்தாருக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட கிழமைதான் மிக விலை கூடிய காலங்களில் ஒன்று. மாலை ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடும். குளிர் பூச்சியத்துக்குக் கீழே பல பாகை இறங்கும். இயற்கை அவர்களுக்கு நம்மைவிடக் கூடுதலாக எதையும் கொடுத்துவிடவில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை ஓட்டமாவடி, வாழைச்சேனை, கல்குடாப் பக்கத்தார் கவனமாகப் பார்க்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சென். மொரிட்ஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதுவும் கோடைக்கால ஊர்தான். ஆங்கிலேயர்கள் கோடையில் வருவார்கள், இலையுதிர் காலத்தில் புறப்பட்டுவிடுவார்கள், பிறகு ஊர் பனிக்குள் புதைந்துவிடும். 1864இல் யொஹன்னெஸ் பாட்ருட் என்ற விடுதி உரிமையாளர் தன் ஆங்கிலேய விருந்தினர் சிலரோடு பந்தயம் பிடித்தார் என்று அவ்வூரில் கதை சொல்வார்கள். குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பயணச் செலவு என்னுடையது என்றாராம் அவர். வந்தவர்கள் நத்தாரிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை தங்கினார்களாம். கதையில் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஊர் குளிர்காலத்துக்கென்றே வளர்ந்ததும், 1928இலும் 1948இலும் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளை நடத்தியதும் வரலாறு.

எனக்கு இதைவிடப் பிடித்தது டாவோஸ் ஊரின் பிராங்கர் சகோதரர்களின் கதை. அவர்கள் உள்ளூர்க்காரர்கள். நோர்வேயிலிருந்து வந்த நீண்ட மரப் பலகைகளைக் காலில் கட்டிப் பனியில் சறுக்கப் பழகினார்கள். ஊரார் சிரிப்பார்களே என்று இருட்டிய பிறகுதான் பயிற்சி என்பார்கள். 1894இல் அவர்கள் ஒரு வெளிநாட்டவரை மலைக் கணவாய் தாண்டி அரோசா ஊருக்குப் பனிச்சறுக்கிலேயே கூட்டிப்போனார்கள். அந்த விருந்தாளி ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கொனன் டொயில். பனிச்சறுக்குக்காகவே ஆங்கிலேயர்கள் நூற்றுக்கணக்கில் சுவிஸுக்கு வரும் காலம் வரும் என்று அவர் ஒரு சஞ்சிகையில் எழுதினார். அப்படியே நடந்தது. முதல் அடியை வைத்தவர்கள் அரசாங்கமோ பெரிய கம்பனியோ அல்ல, ஊர்க்காரர் இருவர். வியாபாரத்தில் ஊறிய ஓட்டமாவடிக்கு இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும்.

இன்று சுவிஸில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் பனிச்சறுக்கு விடுமுறைக்குத் திட்டமிடுவதைப் பார்த்தால் அந்த ஊர்களின் ஒழுங்கு விளங்கும். எண்பதுகளிலிருந்து அங்கே குடியேறிய இலங்கைத் தமிழர்களில் மூத்த தலைமுறை பெரும்பாலும் உணவகச் சமையலறைகளிலும் வைத்தியசாலைகளிலும் உழைத்தது. பனி அவர்களுக்கு வேலைக்குப் போகும் வழியில் கிடக்கும் தொல்லை. பிள்ளைகளுக்கோ அது விளையாட்டு. சுவிஸ் பாடசாலைகள் பல குளிர்காலத்தில் மாணவர்களை ஒரு கிழமை பனிச்சறுக்கு முகாமுக்கு அழைத்துப்போகும். அங்கே பழகிவந்த பிள்ளைதான் அடுத்த ஆண்டு அப்பாவையும் அம்மாவையும் மலைக்கு இழுக்கிறது.

அவர்கள் முதலில் பார்ப்பது உயரம். தாழ்ந்த ஊர்களில் இப்போது பனியை நம்பமுடியாது. 1,500 மீற்றருக்கு மேலே போனால் நம்பிக்கை கூடும். சேர்மாட் கிராமம் 1,600 மீற்றரில் இருந்தாலும் அதன் சறுக்குத் தடங்கள் 3,800 மீற்றருக்கும் மேலே தொடங்குகின்றன. அடுத்தது கிழமை. நத்தார்க் கிழமையும் பெப்ரவரியில் வரும் பாடசாலை விளையாட்டு விடுமுறையும் நெரிசல், விலையும் உச்சம். புத்தாண்டு முடிந்த ஜனவரி நடுப்பகுதி அமைதியானது, மலிவானது. வாடகை வீடுகளைப் பல இடங்களில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்றுதான் கொடுப்பார்கள். மலையேற்றும் கம்பிவட வண்டிக்கான அட்டையை முற்கூட்டி வாங்கினால் பல ஊர்களில் விலை குறையும். சறுக்குப் பலகையும் சப்பாத்தும் தலைக்கவசமும் ஊரிலேயே வாடகைக்குக் கிடைக்கும். முதன்முறை போகிறவர் வாங்கத் தேவையில்லை. சறுக்குப் பள்ளியில் சின்னஞ்சிறுசுகளோடு சேர்ந்து பெரியவர்களும் விழுந்து எழும்புவார்கள். நீலத் தடம் இலகுவானது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு தேர்ந்தவர்களுக்கு. அந்த நிறத்தை மதிக்காதவர் எலும்பை முறித்துக்கொள்வார்.

ஓட்டமாவடியிலிருந்து உறவினர் வீட்டுக்குப் போய் ஒரு தடவை மலையையும் பார்த்துவிட நினைப்பவர் கவனிக்க வேண்டியவை வேறு. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். அந்தக் காப்புறுதியில் பனி விளையாட்டும் அடங்குமா என்று கையெழுத்திட முன்னர் கேளுங்கள், சாதாரணக் காப்புறுதிகள் பலவற்றில் அது இராது. லுஹர், அஸர், மஃரிப் தொழுகைகள் மூன்றும் டிசெம்பர்ப் பகலில் நெருங்கி வரும் என்பதால் மலையுச்சிப் பயணத்தைக் காலையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. பெப்ரவரி என்றால் நோன்பையும் பார்க்கவேண்டும். 2026இலும் 2027இலும் ரமழான் பெப்ரவரியிலேயே தொடங்குகிறது.

இந்த ஒழுங்கு எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஊரின் பொது ஏற்பாடு. சுவிஸ் சுற்றுலா ஊர்களில் தங்கும் ஒவ்வொருவரும் இரவுக்கு இவ்வளவு என்று ஒரு விருந்தினர் வரி கட்டுவார்கள். அந்தக் காசு அந்த ஊரிலேயே, விருந்தினருக்குப் பயன்படும் விதமாகச் செலவாகும். பல ஊர்களில் அதற்குப் பதிலாக ஓர் அட்டை கொடுத்து உள்ளூர் பஸ்ஸில் இலவசமாக ஏற்றுவார்கள். டாவோஸில் உள்ள பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடும். ஆபத்து ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணால் சொல்லப்படும். மலையில் ஆபத்தே இல்லை என்று யாரும் விளம்பரம் செய்வதில்லை. இன்று ஆபத்து எவ்வளவு, எந்தப் பக்கம் போகலாம் என்பதை மறைக்காமல் சொல்வதால்தான் விருந்தாளி நம்பி வருகிறார்.

நம் பக்கத்துக்கு வருவோம். பாசிக்குடாவின் அழகுக்கு அதன் ஆழமின்மையே காரணம். குடாவை முருகைக்கல் காக்கிறது, நெடுந்தூரம் இடுப்பளவு நீரில் நடந்தே போகலாம். போரும் 2004 ஆழிப்பேரலையும் பழைய விடுதிகளை அழித்தன. 2009க்குப் பிறகு புதிய விடுதிகள் வரிசையாக எழுந்தன. அவை எல்லாம் ஒரே பருவத்தை நம்பிக் கட்டப்பட்டவை. மட்டக்களப்பில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 1,650 மில்லிமீற்றர். அதில் பாதிக்கும் மேல் நவம்பர், டிசெம்பர், ஜனவரி மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. ஜூனில் மழை என்று சொல்ல ஒன்றும் இராது, கச்சான் காற்று மட்டும் சுட்டுக்கொண்டு வீசும். ஐரோப்பியருக்கு நத்தார் விடுமுறை எப்போதோ அப்போது நம் கடல் கொந்தளிக்கிறது. அந்த விருந்தாளிகள் காலிக்கும் ஹிக்கடுவைக்கும் போய்விடுகிறார்கள்.

சுவிஸிலும் ஜேர்மனியிலும் இருக்கும் நம் உறவுகளுக்கு இது ஆண்டுதோறும் வரும் தலையிடி. ஜூலை, ஓகஸ்டில் கடல் அருமை, ஆனால் விமானச் சீட்டு விலை தாங்காது. டிசெம்பரில் வந்தால் பிள்ளைகள் சன்னலோரம் இருந்து மழையைப் பார்க்கவேண்டும். அவர்களுக்கு நான் சொல்வது பெப்ரவரி விடுமுறை. அங்கே எல்லோரும் பனிமலைக்குப் படையெடுக்கும் அந்தக் கிழமைகளில் இங்கே மழை டிசெம்பரின் மூன்றிலொரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். வயல்களில் பெரும்போக அறுவடை தொடங்கியிருக்கும். குளங்கள் நிறைந்திருக்கும். மார்ச் வந்தால் இன்னும் நல்லது. விடுதிகளும் தங்கள் பருவத்தைச் சித்திரையில் தொடங்காமல் பெப்ரவரி நடுவிலேயே தொடங்கலாம். அதற்கு ஒரு கல்லும் புதிதாகக் கட்டவேண்டியதில்லை.

மாரியின் நடுமாதங்களுக்கும் ஒரு வழி உண்டு. அப்போது கடலைக் காட்டாதீர்கள், களப்பைக் காட்டுங்கள். வடக்கே ஆசியாவின் குளிருக்குத் தப்பி வரும் உள்ளான்களும் வாத்து வகைகளும் நம் களப்புகளிலும் வயல்வெளிகளிலும் தங்குவது இந்த மாதங்களில்தான். பறவை பார்க்க வருகிறவர் நீந்த வெயில் கேட்கமாட்டார். மழை விட்ட இடைவெளியில் இரண்டு மணிநேரம் அவருக்குப் போதும். கண்டல் மரங்களுக்கு நடுவே எந்த வாய்க்காலில் எந்த நேரம் என்ன பறவை இருக்கும் என்பது களப்பு மீனவருக்குத் தெரியும். பெயர்களை மட்டும் படித்துக்கொண்டால் அவரைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. கடலுக்குப் போகமுடியாத மாதங்களில் அவர் வீட்டுக்கு அது வருமானம். களப்பு இறாலும் நண்டும், புட்டும் வட்டிலப்பமும் சமைத்துக்கொடுக்க ஓட்டமாவடி வீடுகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. விடுதி மேசைக்கு வெளியே அந்தச் சாப்பாடு விருந்தாளிக்கு எட்டாமல் இருப்பது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

வெள்ளத்தை மறைத்துவிட்டு இதைப் பேசக்கூடாது. 1978 நவம்பர் 23 சூறாவளியை மட்டக்களப்பு மறக்காது. மழை கூடினால் றோட்டுகள் முறியும், ரயில் நிற்கும். அப்படியான நாளில் விருந்தாளியை வா என்று அழைப்பது பாவம். ஆகவேதான் டாவோஸின் அறிக்கையை மேலே விரிவாகச் சொன்னேன். வளிமண்டலவியல் திணைக்களமும் நீர்ப்பாசனத் திணைக்களமும் தரும் எச்சரிக்கைகளை ஒன்றுசேர்த்து, இன்று கடல் எப்படி, களப்பில் தோணி போகலாமா, கொழும்பு வீதி திறந்திருக்கிறதா என்று தினமும் காலையில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்க அறிவித்தலை விடுதிகளுக்கும் வாழைச்சேனை ரயில் நிலையத்துக்கும் அனுப்பலாம். பிரதேச செயலகத்தில் ஒருவரும் ஒரு தொலைபேசியும் போதும். அது விருந்தாளிக்கு மட்டுமல்ல, நமக்கும் உதவும்.

பணம் எங்கே தங்குகிறது என்பதுதான் கடினமான கேள்வி. விடுதிகள் கட்டும் சுற்றுலா அபிவிருத்தி வரி கொழும்பிலுள்ள நிதியத்துக்குப் போகிறது. பாசிக்குடா இருப்பது கோறளைப்பற்றில், ஓட்டமாவடியோ கோறளைப்பற்று மேற்கில். எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் இருப்பவர் தன் றோட்டால் போகும் வாகனங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். அல்ப்ஸில் பல கிராமங்கள் ஒரு பள்ளத்தாக்காகச் சேர்ந்து ஒரே அட்டை, ஒரே பஸ், ஒரே விளம்பரம் என்று நடத்துகின்றன. இங்கே தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறோம். இரு பிரதேச சபைகளும் ஒரு மேசையில் இருந்து வாழைச்சேனை ரயில் நிலையத்திலிருந்து பாசிக்குடா வரை, ஓட்டமாவடிச் சந்தை வழியாக, ஒரு பஸ்ஸை நேரம் தவறாமல் ஓட்டினால் அதுவே பெரிய தொடக்கம்.

அல்ப்ஸ் ஊர்களும் இப்போது நிம்மதியாக இல்லை. பூமி சூடாகிறது, பனிக்கோடு மேலே போகிறது, தாழ்ந்த இடங்களில் சில சறுக்குத் தளங்கள் மூடப்பட்டுவிட்டன. மற்றவை இயந்திரத்தால் பனி தூவுகின்றன, அதற்கு நீரும் மின்சாரமும் நிறையச் செலவாகும். அதனால் அவர்கள் கோடையை மறுபடி தேடுகிறார்கள்: மலைநடை, மிதிவண்டித் தடங்கள், இலையுதிர் கால உணவு விழாக்கள். ஒரே பருவத்தை நம்பி வாழ்வது எவ்வளவு ஆபத்து என்பதை அவர்களே இப்போது உணர்கிறார்கள்.

பாசிக்குடாவுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஐரோப்பியர் குளிர்கால விடுமுறையைத் தீர்மானிப்பது கோடையிலும் அதற்கு முன்பும். எனவே வருகிற மாரிக்கான பறவைத் தோணியும், பயிற்சி பெற்ற வழிகாட்டியும், சமைத்துக்கொடுக்கும் வீடுகளின் பட்டியலும், பெப்ரவரி அறை விலையும் இந்தச் சித்திரைக்குள் தயாராகி, ஜூலையில் உறவுகளைப் பார்க்க வரும் சுவிஸ்காரரின் கையில் கொடுத்தனுப்பப்பட வேண்டும்.