வீட்டுக்காரரின் கடனும் குடியிருப்போர் நிலையும்

வேற்று மாநிலங்களில் பணி நிமித்தம் வாழும் தமிழருள் பலர் வாடகை வீடுகளிலேயே காலம் கழிக்கின்றனர். வீடு தேடும்பொழுது தண்ணீர் தட்டின்றி வருமா, பள்ளிக்கூடம் அருகில் உள்ளதா, பேருந்து வசதி எப்படி என்றெல்லாம் விசாரிக்கிறோம். அந்த வீட்டின்மீது வங்கிக் கடன் உண்டா என்று விசாரிப்போர் மிகச் சிலரே. வீட்டுக்காரர் பட்ட கடன் அவர் பாடு, நமக்கென்ன என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் அவர் தவணை கட்டத் தவறி, வங்கியின் அறிவிப்பு வாசற்கதவில் ஒட்டப்படுமாயின், அந்தக் கடன் நம்முடைய கவலையும் ஆகிவிடுகிறது. அவ்வாறு நேரும்பொழுது குடியிருப்போரின் நிலை என்ன, அவர்கள் செய்யத்தக்கது யாது என்பதை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதற்கண் சட்டத்தின் போக்கை அறிவோம். அடமானச் சொத்தை, நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்காமலேயே கைப்பற்றி விற்கும் அதிகாரத்தை 2002ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று வங்கிகளுக்கு அளித்துள்ளது. அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி 'சர்ஃபேசி' சட்டம் என்று வழங்குவர். இச்சட்டப்படி வங்கி முதலில் கடன்பட்டவருக்கு 60 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்பும். அதற்குள் கடன் தீராவிடில் சொத்தைத் தன் வசமாக்கிக்கொண்டதாக அறிவிக்கும். இந்த உடைமை அறிவிப்பை வீட்டின் வெளிக்கதவில் ஒட்டவேண்டும். ஏழு நாட்களுக்குள் இரண்டு செய்தித்தாள்களில் வெளியிடவும் வேண்டும். அவற்றுள் ஒன்று அவ்வூர் மொழியில் அமைந்திருத்தல் வேண்டும். அதன்பின் ஏல அறிவிப்பு வரும்.

இதில் நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த 60 நாள் நோட்டீஸ் வீட்டுக்காரருக்கே செல்கிறது, குடியிருப்பவருக்கு வருவதில்லை. கதவில் ஒட்டிய தாளே பெரும்பாலும் அவருக்குக் கிடைக்கும் முதற் செய்தி. அதற்குள் காலம் பெரிதும் கழிந்திருக்கும்.

எனினும் அந்தத் தாளைக் கண்டவுடன் மூட்டை கட்டவேண்டியதில்லை. முதல் அறிவிப்பு பெரும்பாலும் பெயரளவில் உடைமை கொள்வதேயாகும். ஆங்கிலத்தில் இதைச் 'சிம்பாலிக் பொசெஷன்' என்று குறித்திருப்பார்கள். வீட்டைக் காலி செய்வித்துப் பூட்டுவது 'பிசிக்கல் பொசெஷன்' எனப்படும். ஆள் குடியிருக்கும் வீட்டில் இந்த இரண்டாவது நடவடிக்கைக்கு வங்கி பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ ஆணை பெற்றே வரும். அறிவிப்பின் மொழி நமக்குத் தெரியாததாயின், தெரிந்த ஒருவரைக் கொண்டு வரிக்கு வரி படித்துப் பொருள் கேட்டுக்கொள்ளவேண்டும். எந்த வகை உடைமை, எந்தத் தேதி, கையொப்பமிட்ட அதிகாரி யார் என்ற மூன்றும் முக்கியம்.

இனி, குடியிருப்பவரின் உரிமை எதைப் பொறுத்தது? முறையாக வாடகை செலுத்தி வந்தவர் என்பதால் மட்டும் உரிமை நிலைப்பதில்லை. நம் ஒப்பந்தம் முந்தியதா, வங்கியின் அடமானம் முந்தியதா என்பதே முதற் கேள்வி. இதில் மூன்று நிலைகள் உண்டு.

அடமானத்திற்கு முன்னரே வாடகை உரிமை தொடங்கியிருப்பின், அது வலுவானது. சட்டப்படி அமைந்த அவ்வுரிமையை வங்கியின் நடவடிக்கை அழித்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்புப் பெற்றவரை இந்த 2002ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி அப்புறப்படுத்த இயலாது என்று 2016இல் கூறிற்று. ஆயின், அந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் எட்டுவதன்று. தில்லியிலும் பெங்களூரிலும் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளுக்கு அங்குள்ள வாடகைச் சட்டம் பொருந்தாது. இந்நாளில் அத்தொகைக்குள் வீடு பெற்றிருப்போர் எத்தனை பேர்?

அடமானத்திற்குப் பின்னும், 60 நாள் நோட்டீசுக்கு முன்னும் ஏற்பட்ட ஒப்பந்தம் இரண்டாம் நிலை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், அடமானம் வைத்தவர் தம் வீட்டை வாடகைக்கு விட ஓரளவு இடந்தருகிறது. ஆனால் கட்டடமாயின் மூன்றாண்டுகளுக்கு மேற்படக்கூடாது. நியாயமான வாடகை இருக்கவேண்டும். வாடகையை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியிருக்கக்கூடாது. அடமானப் பத்திரமே வாடகைக்கு விடுவதைத் தடுத்திருந்தால் இந்த இடமும் இல்லை. வங்கியின் இசைவின்றி வாடகைக்கு விடலாகாது என்ற வாசகம் பல பத்திரங்களில் காணப்படுவதே.

நோட்டீஸ் வந்தபின் வீட்டுக்காரர் செய்த ஒப்பந்தம் மூன்றாம் நிலை. வங்கியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாவிடில் அதற்குப் பாதுகாப்பு இல்லை.

இரண்டாவது கேள்வி பத்திரத்தைப் பற்றியது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும். பதிவு பெறாத தாளையோ வாய்ச்சொல்லையோ காட்டி ஓராண்டுக்கு மேல் வீட்டில் இருக்க உரிமை கோர முடியாது என்பது 2019ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் உறுதி செய்யப்பட்டது. பதினொரு மாத ஒப்பந்தம் எழுதிக்கொண்டு பத்தாண்டுகள் குடியிருப்போர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். பம்பாயில் வழங்கும் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தமோ வீட்டைப் பயன்படுத்த அனுமதி மட்டுமே தருவது. அதனை வாடகை உரிமை என்று கருதலாகாது.

பெங்களூர் வாழ் தமிழர்க்குத் தனியே ஒன்று சொல்லவேண்டும். அங்கே 'போக்கியம்' அல்லது 'லீஸ்' என்னும் வழக்கம் உண்டு. தமிழ்நாட்டில் ஒத்தி என்று சொல்வதைப் போன்றதே. ஒரு பெருந்தொகையை முதலிலேயே கொடுத்துவிட்டு, மாத வாடகையின்றி இரண்டு மூன்று ஆண்டுகள் குடியிருந்து, காலி செய்யும்பொழுது தொகையைத் திரும்பப் பெறுவது இதன் முறை. மாதச் சம்பளத்தில் வாடகை மிச்சமாகிறதே என்று பலர் இதனை விரும்புகின்றனர். ஒருவர் ஊர் நிலத்தை விற்று 15 லட்சம் ரூபாயை இவ்வாறு கொடுத்ததாகக் கொள்வோம். அந்த வீடு முன்னரே வங்கியில் அடமானமாக இருந்து, இவருடைய ஒப்பந்தம் முத்திரைத் தாளில் எழுதியதோடு நின்றிருந்தால், ஏலத்தில் இவர் நிலை என்ன? வங்கி தன் பாக்கியை முதலில் எடுத்துக்கொள்ளும். வீட்டை வாங்கியவர் இவருக்கு ஒன்றும் தரக் கடமைப்படவில்லை. இவருடைய 15 லட்சம், ஏற்கெனவே கடனில் மூழ்கிய வீட்டுக்காரரிடமிருந்து வழக்காடிப் பெறவேண்டிய கைக்கடனாகிவிடும். மாதவாடகைக்காரர் இழப்பது முன்பணம். போக்கியக்காரர் இழப்பது வாழ்நாட் சேமிப்பு. போக்கியம் எழுதுவோர் அதனைப் பதிவு செய்யாமலும், வில்லங்கம் பாராமலும் பணம் கொடுக்கலாகாது என்று நாம் அழுத்திச் சொல்வது இதனாலேயே.

அறிவிப்பைக் கண்டபின் செய்யவேண்டியவற்றை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவதாக, அறிவிப்பைத் தேதி தெரியுமாறு படம் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். ஒப்பந்தம், வாடகை செலுத்திய வங்கிக் கணக்கு விவரம், ரசீதுகள், மின் கட்டணச் சீட்டுகள், அந்த முகவரியுள்ள மற்ற சான்றுகள் ஆகியவற்றை ஒன்று திரட்டவேண்டும். ரொக்கமாகவே வாடகை கொடுத்து ரசீதும் வாங்காதவர், தாம் என்றிலிருந்து குடியிருக்கிறோம் என்பதை மெய்ப்பிப்பதே கடினம்.

இரண்டாவதாக, அறிவிப்பில் கையொப்பமிட்ட வங்கி அதிகாரிக்குக் கடிதம் எழுதவேண்டும். என்று குடிவந்தோம், வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று குறித்து, ஆவண நகல்களை இணைத்து, விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தவேண்டும்.

மூன்றாவதாக, வாடகையை நிறுத்தக்கூடாது. வீடே போகப்போகிறது, இனி யாருக்கு வாடகை என்று எண்ணிப் பாக்கி வைத்தவரின் வழக்கு வலுவிழக்கும். வங்கியோ ஏலத்தில் எடுத்தவரோ எழுத்து மூலம் கேட்கும்வரை வீட்டுக்காரருக்கே, வங்கிக் கணக்கு வழியாகச் செலுத்துக. உடைமை மாறிய செய்தி அறியாமல் பழைய உடைமையாளருக்குச் செலுத்திய வாடகையைப் புதியவர் மீண்டும் கேட்க இயலாது என்று சொத்து மாற்றுச் சட்டமே கூறுகிறது. அறிந்தபின் செலுத்தினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. முன்பணத்தில் வாடகையைக் கழித்துக்கொள்ள வீட்டுக்காரர் இசைந்தால், வங்கி வாடகை கேட்பதற்கு முன்பாகவே அதனை எழுத்தில் பெறுவது நன்று.

நான்காவதாக, உரிமை உண்டென்று கருதுவோர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் 45 நாட்களுக்குள் மனுச் செய்யவேண்டும். இந்நாட்கள் வங்கி உடைமை கொண்ட தேதியிலிருந்து எண்ணப்படும். சென்னை, பெங்களூர், பம்பாய், தில்லி, கல்கத்தா, ஐதராபாத் முதலிய நகரங்களில் இத்தீர்ப்பாயங்கள் உள்ளன. குடியிருப்போரின் கோரிக்கையை ஆராயும் அதிகாரம் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இவற்றுக்கு வெளிப்படையாக வழங்கப்பட்டது. வங்கியின் இந்நடவடிக்கையை எதிர்த்து உரிமையியல் நீதிமன்றம் செல்லச் சட்டம் இடந்தராது. அங்கே சென்று நாட்களை வீணாக்கலாகாது. வழக்கறிஞருக்குப் பொருளில்லாதோர் இலவசச் சட்ட உதவி பெறலாம். பெண்களுக்கும், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர்க்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்க்கும், குறைந்த வருமானமுடையோர்க்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வுரிமையை அளிக்கிறது. 15100 என்ற தொலைபேசி எண்ணில் விவரம் கேட்கலாம்.

உரிமை இல்லை என்று தெளிவானவர்கள் வீண் வழக்கில் இறங்காது, குழந்தைகளின் தேர்வு முடியும்வரை என்பது போன்ற நியாயமான அவகாசத்தை வங்கி அதிகாரியிடம் எழுத்தில் கேட்பதே நலம். முன்பணத்தை வீட்டுக்காரரிடமிருந்து பெற உரிமையியல் வழக்குத் தொடரலாம். அதற்குப் பொதுவாக மூன்றாண்டுக் காலவரையறை உண்டு. அடமானத்தை மறைத்துப் பணம் வாங்கியிருந்தால் காவல் நிலையத்தில் ஏமாற்றுப் புகாரும் கொடுக்கலாம்.

இனி வீடு பார்ப்போருக்கு ஒரு சொல். முன்பணம் கொடுப்பதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெறுங்கள். மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துப் பெற்ற கடன் சிலவேளை அச்சான்றில் தோன்றாது. ஆதலால் 2011இல் தொடங்கிய 'செர்சாய்' என்னும் மத்தியப் பதிவகத்தின் இணையத் தளத்திலும் சிறு கட்டணம் செலுத்தித் தேடலாம். மூலப் பத்திரத்தைக் காட்டுமாறு வீட்டுக்காரரைக் கேட்பதும் தவறன்று. அடமானம் உண்டென்று தெரிந்தால், வங்கியின் சம்மதக் கடிதத்தைக் கேளுங்கள். கடன் உள்ள வீடு என்பதாலேயே அதனை ஒதுக்கவேண்டியதில்லை. தவணை ஒழுங்காகக் கட்டப்பெறும் வீடுகள் எத்தனையோ உள்ளன. ஆனால் அத்தகைய வீட்டிற்குப் பெருந்தொகையைப் போக்கியமாகக் கொடாமல், மாத வாடகையும் குறைந்த முன்பணமும் பேசிக் குடிபுகுவதே தக்கது.